லேபல் உரித்த போத்தல்

அம்மாவின் இடது காலில் பெருவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்துவிட்டன. சீனி நோய். பெரிய ஆஸ்பத்திரியில் டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. பத்து நாளுக்குள் இரண்டு விரலையும் எடுத்துவிட்டால் பாதம் மிஞ்சும், தள்ளிப்போட்டால் எது மிஞ்சும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

அம்மா காலைப் பார்த்தாள். டொக்டரைப் பார்க்கவில்லை.

"பெருவிரல் இல்லாம மலையில எப்படிடா நிப்பேன்?"

சரியான கேள்விதான். மழையில் ஊறிய சரிவில் கொழுந்துப் பையோடு நிற்கிறவர்கள் பெருவிரலை மண்ணில் குத்தித்தான் நிற்கிறார்கள். பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் சரிவைத் தவிர வேறு நிலம் குறைவு. ஐம்பத்தாறு வயதில் வீரம்மா என்கிற என் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. 

திரும்பி வரும்போது பஸ்ஸில் முடிவைச் சொன்னாள்.

"கோத்தகிரி மருந்த வரவழைடா. அத சாப்பிட்டுப் பாக்குறேன். கேக்கலன்னா வெட்டட்டும்."

கோத்தகிரியில் மாமா குடும்பம் இருக்கிறது. குடியுரிமை இல்லை என்று எங்கள் ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் பாதிக் குடும்பம் அங்கே போனது, பாதி இங்கே நின்றது. போனவர்களும் அங்கே கொழுந்துதான் பறிக்கிறார்கள். மாமா மகன் அழகுமுத்துவின் அம்மாவுக்குக் குதிகாலில் இருந்த புண் ஏதோ பச்சைக் கெப்சூலில் ஆறிவிட்டதாம். வீடியோ கோலில் அத்தை குதிகாலைத் தூக்கிக் காட்டியிருந்தாள். ஃபோனை அவள் பிடித்திருந்த விதத்தில் எனக்குச் சுவர்தான் தெரிந்தது. அம்மாவுக்குக் குதிகால் தெரிந்திருக்கிறது.

எனக்கு அந்த மருந்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவளோடு சண்டை போடுவதைவிட ஒரு பார்சலை வரவழைப்பது சுலபமாக இருந்தது. அன்றைக்கே அழகுமுத்துவைக் கூப்பிட்டேன்.

"நாலு பெட்டி அனுப்பு மச்சான். அவசரம்."

"அனுப்புறேன்டா. கடைக்காரர்ட்ட விசாரிச்சுட்டேன். பில்லு வைக்கணுமாம், பெட்டிய பிரிக்கக் கூடாதாம். உங்க பக்கம் ஒரு டாக்டர் சீட்டு கையில வச்சுக்கச் சொல்றாரு."

என் அக்கா பிரேமினி ஃபோனைப் பிடுங்கினாள். ஆறு வருடம் குவைத்தில் வீட்டுவேலை செய்து திரும்பியவள். கஸ்டம்ஸ் விஷயத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவள் சொல்வதுதான் சட்டம். வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் பெண்கள் எல்லோரும் சாமான்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, விலைச்சீட்டைக் கிழித்து, நாலு நாள் பாவித்த மாதிரி ஆக்கித்தான் கொண்டுவருவார்கள். அக்கா ஒரு அயன், இரண்டு ஃபோன், ஒரு பிளெண்டர் எல்லாவற்றையும் அப்படித்தான் கரை சேர்த்தாள்.

"பெட்டியோட அனுப்பினா யாவாரத்துக்குன்னு புடிச்சுருவாங்க அழகுமுத்து. எல்லாத்தையும் உரிச்சுத் தூரப் போடு. பழைய போத்தல் ஒண்ணுல கொட்டு. கடுகு, சீரகம் நாலு பாக்கெட்டு சேத்து வை. மேல சாப்பாட்டுச் சாமான்னு எழுது."

"அக்கா, கடைக்காரர் சொல்றதையும் கொஞ்சம்..." என்றேன்.

"நீ ஏர்போட்டுல எத்தன தடவ எறங்கியிருக்க?"

நான் ஒரு தடவையும் இறங்கியதில்லை. ஃபோனில் தேடியிருந்தால் யார் சொல்வது சரி என்று அரைமணி நேரத்தில் தெரிந்திருக்கும். ஃபெக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவனுக்கு அரைமணி நேரத்துக்குப் பஞ்சமில்லை. நான் தேடவில்லை.

டொக்டர் சொன்ன பத்து நாளும் போனது. பன்னிரண்டாம் நாள் பார்சல் கொழும்புக்கு வந்துவிட்டதாக அழகுமுத்து ஃபோனில் பார்த்துச் சொன்னான். பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா காலில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டுப் பழைய சீலைத்துணியால் சுற்றி வைத்திருந்தாள். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழைந்தால் வாடை அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எப்போது சொன்னாலும் ஒரே பதில்.

"மருந்து வரட்டும்."

பார்சல் பற்றிக் கொழும்பிலிருந்து கடிதம் அதற்குள் வந்திருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் லயத்தில் இருபத்துநாலு காம்பரா. தனி விலாசம் ஒன்றுக்கும் கிடையாது. எல்லாருக்கும் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். தபால் மொத்தமாக ஒப்பீசுக்குப் போகும், அங்கிருந்து காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது யாருக்காவது ஞாபகம் வந்தால் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அம்மா பெரட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். கூப்பிட்டிருந்தாலும் கை நீட்ட ஆள் இல்லை.

பக்கத்துக் காம்பரா செல்லசாமி மாமாதான் கொண்டுவந்தார்.

"கணக்கப்பிள்ள மேசையில டீ கிளாசுக்கு அடியில கெடந்துச்சு தம்பி. கொழும்பு சீல் அடிச்சிருக்கேன்னு எடுத்துட்டு வந்தேன்."

தேதியைப் பார்த்தேன். ஒன்பது நாள் பழசு. கடிதத்தில் கிளாசின் வட்டக் கறை பதிந்திருந்தது. நேரில் வந்து பார்சலைத் திறக்க வேண்டும் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் காலை ஷிஃப்ட் முடித்து அப்படியே கொழும்பு பஸ் ஏறினேன். வெளிநாட்டுப் பார்சல் பிரிவில் என் முறை வர மத்தியானம் ஆனது. மேசைக்குப் பின்னால் நடுவயது சிங்களப் பெண் அதிகாரி. கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு என் முன்னாலேயே பார்சலை அறுத்தார். கடுகு. சீரகம். மிளகு. அதற்கடியில் பழைய ஊறுகாய் போத்தல். உள்ளே பச்சைக் கெப்சூல்கள் பாதிக்கு மேல் எண்ணெயில் ஒட்டிக் கிடந்தன. மூடியைத் திறந்ததும் தேசிக்காய் ஊறுகாய் வாசனை வந்தது.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மூலிகை மருந்து மிஸ்."

"வெளியே சாப்பாடு என்று எழுதியிருக்கிறது."

"அது தெரியாமல் எழுதியது."

"கடுகுக்கு அடியில் இருப்பதும் தெரியாமல் வைத்ததா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திட்டுகிற ஆளைப் பற்றி வீட்டில் போய்ச் சொல்லலாம், நாலு பேர் சேர்ந்து வையலாம். இந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். சொந்தப் பாவனைக்குக் கொஞ்சமாக, பெட்டி உடைக்காமல், பில்லும் வைத்தியர் கடிதமும் இருந்தால் ஆயுர்வேதப் பக்கம் அனுப்பிக் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இப்படி வந்தால் யாரிடம் என்ன என்று கேட்பது?

"இதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கேயே நின்று அழகுமுத்துவைக் கூப்பிட்டேன்.

"மச்சான், அந்தப் பெட்டி ஒண்ணு இருக்கா? லேபல ஃபோட்டோ எடுத்து அனுப்பு."

"பெட்டியா? அன்னைக்கே அடுப்புல போட்டாச்சே. நீங்கதானடா உரிச்சுத் தூரப் போடச் சொன்னீங்க."

"பில்லு?"

"அதுவும் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு."

அதிகாரிக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். எனக்கு இந்தச் சாமான் வேண்டாம், அழித்துவிடலாம் என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டேன். கடுகையும் சீரகத்தையும்கூடத் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு. கால் விரல்." டொக்டர் சொன்னதைச் சொன்னேன், பத்து நாள் கெடு தாண்டிவிட்டதையும் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "சீனிக்குக் கிளினிக் மாத்திரை எடுக்கிறாரா?"

"எடுக்கிறார்."

"இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். இதற்காக நிற்க வேண்டாம்."

வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அம்மா கிளினிக் மாத்திரை போடுறாங்கதானே?"

அந்தப் பக்கம் பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அக்கா."

"நிறுத்தி மூணு வாரம் ஆச்சுடா. புது மருந்து எறங்கணும்னா ஒடம்பு சுத்தமா இருக்கணும்னு அத்தை சொன்னாங்களாம். பிஸ்கட் டின்னுல போட்டு வச்சிருக்காங்க."

"நீ பாத்துக்கிட்டு இருந்தியா?"

"நீயும் அந்தக் காம்பராவுலதானே படுக்கிற?"

ஃபோனை வைத்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை. பகல் முழுக்க அந்த டின்னுக்கு நாலடி தள்ளித்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ் கினிகத்தேனை மலையேற்றத்தில் ஏறும்போது யோசித்தேன். மருந்தை அழித்துவிட்டார்கள் என்று சொன்னால் அம்மா மறுபடி அனுப்பச் சொல்வாள். இன்னொரு மூன்று வாரம். மருந்து வந்தால்தான் ஆஸ்பத்திரி. அப்படியானால் மருந்து வர வேண்டும்.

ஹட்டனில் இறங்கினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இம்தியாஸ் நானாவின் நாட்டு மருந்துக் கடை. பச்சை நிறத்தில் என்ன கெப்சூல் இருக்கிறது என்று கேட்டேன்.

"வல்லாரை இருக்கு. யாருக்கு, என்ன வருத்தத்துக்கு?"

"நிறத்துக்குத்தான் நானா."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு இரண்டு போத்தல் எடுத்து வைத்தார். காசைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று நகத்தால் லேபலைச் சுரண்டினேன்.

"அட, அத ஏன் தம்பி உரிக்கிறீங்க? என்ன மருந்து, எப்ப முடியுது, பதிவு நம்பர் எல்லாம் அதுலதானே இருக்கு. லேபல் இல்லாட்டி இது வெறும் இலைத்தூள். நானே திருப்பி வாங்க மாட்டன்."

"அதுக்குத்தான் உரிக்கிறேன்."

"நல்லாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு உங்களுக்கு?"

அழகுமுத்துவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: அம்மா கேட்டால் பார்சல் கிடைத்தது என்று சொல், மற்றதைப் பிறகு பேசுவோம்.

அம்மா போத்தலை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"இத வெட்டினதுக்குப் பிறகுதான் சாப்பிடணுமாம். முன்னால சாப்பிட்டா விஷம் மேல ஏறிருமாம். அழகுமுத்து சொல்லச் சொன்னான்."

"மொதல்ல அப்படிச் சொல்லலையே?"

"இப்பச் சொல்றான்."

அம்மா போத்தலைக் குலுக்கிப் பார்த்தாள். சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. "சரி, அப்ப நாளைக்கே போவோம்" என்றாள். மூன்று வாரமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை, இரண்டு போத்தல் இலைத்தூளுக்கு வந்துவிட்டது.

அக்கா சிரித்தாள். "பாத்தியா? நான் சொன்ன மாதிரி பொதி கட்டினதுனாலதான் வந்து சேந்துச்சு."

ஆஸ்பத்திரியில் டொக்டர் துணியை அவிழ்த்தார். விரல்களைப் பற்றி அவர் பேசவே இல்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அங்கேதான் வெட்ட வேண்டும், அதுவும் இன்றைக்கு வந்ததால் என்றார். இதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அம்மா முந்தானைக்குள் போத்தலைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். மலையைப் பற்றிக் கேட்கவில்லை.

வார்டில் ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள், வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் அம்மா காலையில் இரண்டு பச்சை, மாலையில் இரண்டு பச்சை விழுங்கினாள். புண் நன்றாக ஆறியது. ஆறு வாரத்தில் அக்குள்கட்டையை ஊன்றி வாசலில் வந்து உட்கார்ந்தாள். லயமே வந்து பார்த்தது.

"டொக்டரே அசந்துட்டாரு" என்று அம்மா எல்லாருக்கும் சொன்னாள். "கோத்தகிரி மருந்துண்ணே. முன்னாலயே வந்திருந்தா காலே தப்பியிருக்கும். அந்தக் கொழும்புக்காரங்கதான் புடிச்சு வச்சு என் கால எடுத்துட்டாங்க."

ஒரு மாதத்துக்குள் ஏழு வீட்டிலிருந்து கோத்தகிரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். பொதி கட்டுவதை அக்கா வாசலில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். பெட்டியை உரி, லேபலைக் கிழி, கடுகுக்கு அடியில் வை. செல்லசாமி மாமாவுக்கும் சீனி நோய். அவரும் சொல்லி அனுப்பியது தெரிந்ததும் நான் அவர் வீட்டு வாசலுக்குப் போய் உடைத்துச் சொன்னேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள்.

"மாமா, அம்மா சாப்பிட்டது ஹட்டன்ல வாங்கின வல்லாரை. கோத்தகிரி மருந்து கொழும்பிலேயே அழிஞ்சு போச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தவனே நான்தான். புண்ண ஆத்தினது ஆஸ்பத்திரி."

அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா வாயில் வெற்றிலையை ஒதுக்கினாள்.

"நைட் வேல பாத்துப் பாத்து அவனுக்கு மூள கொழம்பிருச்சுண்ணே. படிப்பயும் இப்படித்தான் பாதியில விட்டுட்டு வந்தான். எங்கண்ணன் வீட்டு மருந்த என்கிட்டயே பொய்ன்னு சொல்றான்."

"ஏன் தம்பி, ஒங்க வீட்டுக்கு மட்டும் இருக்கணும்னு நெனைக்கிறியா?" என்றார் மாமா. கோபமில்லை. வருத்தம்தான்.

இம்தியாஸ் நானாவைக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். லேபலை உரித்த பைத்தியக்காரன் என்றுதான் அவரும் சொல்வார்.

நேற்றுக் காலை ஷிஃப்ட் முடிந்து ஏறி வரும்போது செல்லசாமி மாமா பாதையில் நின்றுகொண்டிருந்தார். கையில் கொழும்புக் கடிதம். இந்தத் தடவை அவரே தினமும் ஒப்பீசுக்குப் போய் நின்று வாங்கியிருக்கிறார்.

"மாத்திரைய நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு தம்பி. ஒடம்பு சுத்தமாத்தான் இருக்கு. திங்கக்கெழம என்னோட கொழும்புக்கு வா. ஒனக்குத்தான் அந்த எடம் பழக்கம். ஒனக்குக் குடுத்தவங்க எனக்குக் குடுக்க மாட்டாங்களா?"

நான் அவர் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்புக்கு வெளியே பெருவிரல் துருத்திக்கொண்டிருந்தது. நகத்தின் ஓரத்தில் கறுப்பு.

"பீலித் தண்ணியில கால நல்லாக் கழுவிட்டு வாங்க மாமா, பாப்போம்."

அவரும் குனிந்து பார்த்தார். சிரித்தார்.

"மண்ணுடா இது" என்றார். கழுவப் போகவில்லை.