டக்கு ரெஞ்சு

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கடைப் பக்கத்திலிருந்து ஐந்து முறை 'டக்' என்று கேட்டது. சிறிது நேரம் கழித்து இன்னும் ஐந்து. அப்பாவின் சட்டையைப் பிழிந்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பத்தில் ஒன்றுகூட இரும்பின் சத்தம் இல்லை. பத்தும் அப்பாவின் நாக்கு.

எங்கள் டயர் கடைக்குப் பின்னால்தான் வீடு. சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக மாற்றி மாற்றி முடுக்கி, ஜாக்கியை இறக்கி டயர் தரையில் உட்கார்ந்த பிறகுதான் அப்பா அந்த நீளமான ரெஞ்சை எடுப்பார். எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அதை முதலிலேயே அதில் வைத்துவிட வேண்டும். அந்த அளவு வந்ததும் அதுவே 'டக்' என்று சொல்லிவிடும். அதற்கு முன்னால் நிறுத்தக் கூடாது, அதற்கு மேல் இழுக்கவும் கூடாது. எங்கள் வீட்டில் அதற்கு டக்கு ரெஞ்சு என்று பெயர். "காதக் குடுத்துக் கேளுங்க, சத்தம் வராம வண்டிய எடுக்காதீங்க" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, பக்கத்தில் நின்று எண்ணுவது எங்கள் கடையின் வழக்கமாகிவிட்டது. மீசை நரைத்த லாரிக்காரர்கூடக் குழந்தை மாதிரி விரல் விட்டு எண்ணுவார்.

போன மழையில் கூரை ஒழுகுகிறதென்று ஏணியில் ஏறிய அப்பா விழுந்தார். கட்டுப் பிரித்த பிறகும் வலது தோளுக்கு இழுக்கிற பலம் திரும்பவில்லை. "பேசாம கடைய யாருக்காவது விட்டுட்டு வீட்டோட இருங்களேன்" என்று அம்மா ஒருநாள் சொன்னாள். "வீட்டோட இருந்து? உன்கூட உக்காந்து வெங்காயம் உரிக்கவா?" என்று அப்பா சிரித்தார். சிரித்துவிட்டுப் பாதிச் சோற்றில் கை கழுவினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சில நாட்கள் கழித்து, ஒரு காரின் பக்கத்தில் அவர் குனிந்து ரெஞ்சை இழுத்தபோது, கை நின்ற இடத்தில் கன்னம் அசைவதைப் பார்த்தேன். உடனே 'டக்' வந்தது. வண்டிக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். அன்றிலிருந்து, அவர் மேசைக்குப் போய் வண்டிக்காரருடன் பேசிக்கொண்டிருக்கும்போது, பழந்துணியால் சக்கரத்தைத் துடைக்கிற சாக்கில் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்குவேன். ரெஞ்சு போடுகிற நிஜச் சத்தம் அவருக்குக் கேட்காமலிருக்கக் காற்றடிக்கிற கம்ப்ரஸரை ஓடவிடுவேன். "எதுக்குடி அத ஓடவிடுற, கரண்டு என்ன சும்மாவா வருது?" என்று முதலில் கத்தினார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று யோசிக்க எனக்குப் பயமாக இருந்தது.

இன்று சட்டையைக் கொடியில் வீசிவிட்டு முன்பக்கம் ஓடியபோது, பள்ளிக்கூட வேன் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவளை எல்லோரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பின்சக்கரம் இரண்டுக்கும் புது டயர். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே, "பள்ளிக்கூடம் விடுற நேரமாம், பறக்குது" என்றார்.

எனக்கு யாரிடமும் பேச வராது. அப்பாவே என்னை ஊமச்சி என்றுதான் கூப்பிடுவார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தேன், வைத்ததை மறுபடி எடுத்தேன். வேன் அக்காவைக் கூப்பிட வேண்டுமானால் அப்பாவின் சட்டைப் பையிலிருக்கும் போன்தான் வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் ஒரு குழந்தை அந்த வேனில் ஏறி உட்காருவது மாதிரியே தோன்றிக்கொண்டிருந்தது.

"அப்பா, போன் குடுங்க."

"யாருக்கு?"

"வேன் அக்காவுக்கு."

"எதையாச்சும் விட்டுட்டுப் போயிருச்சா?"

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது கையால் போனை எடுத்து நீட்டினார்.

"அக்கா, வண்டிய ஓரங்கட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பின்னால் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. ஏறிவிட்டார்கள். "புது டயர் போட்டா கொஞ்சம் ஓடுனதும் திரும்ப ஒருதடவ இறுக்கணும்க்கா. நாங்களே வந்துடுறோம். அதுவரைக்கும் நகத்தாதீங்க."

"அத அங்கயே சொல்றதுக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று அவள் திட்டிவிட்டு, நின்ற இடத்தைச் சொன்னாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "நாம இதுவரைக்கும் யாரையும் இப்படிக் கூப்பிட்டுச் சொன்னதில்லையே" என்றார் அப்பா, மெதுவாக.

"இனிமே சொல்லலாம்ப்பா."

அவர் கொக்கியிலிருந்த டக்கு ரெஞ்சை எடுத்துக்கொண்டு, நான் கிளப்பிய ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் அது அவர் மடியில் குறுக்காகக் கிடந்தது. ஒவ்வொரு குழியிலும் அவருடைய மூச்சு மட்டும் என் கழுத்தில் பட்டது.

வேன் ஒரு நீளமான மதில் சுவரை ஒட்டி நின்றது. ஜன்னலெல்லாம் தலைகள். வேன் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வாங்க வாங்க. அப்பாவும் பொண்ணும் ஊர்வலமா?" என்றாள். பிறகு அப்பாவை உற்றுப் பார்த்து, "ஏண்ணே, பத்தும் என் காதாலயே கேட்டேனே? ஏதும் கோளாறா?" என்றாள்.

"கோளாறெல்லாம் இல்லம்மா" என்றார் அப்பா. ரெஞ்சை என்னிடம் நீட்டினார். நீட்டியவர் உடனே விடவில்லை. நான் கொஞ்சம் இழுத்த பிறகுதான் கைக்கு வந்தது.

"நான் எண்ணுறேன்!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை கத்தியது. உடனே எல்லாம் சேர்ந்துகொண்டன. வேன் அக்கா சிரித்தபடி என் பக்கத்தில் குனிந்து நின்றாள். அப்பா என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

முதல் நட்டு லேசாக அசைந்து, டக். "ஒண்ணு!" எதிரே இருந்ததும் அப்படித்தான். "ரெண்டு!" மனம் கொஞ்சம் ஆறியது. மூன்றாவதில் ரெஞ்சைப் பொருத்தி அழுத்தினேன். அது எதிர்ப்பே இல்லாமல் திரும்பியது. எடுத்துப் பொருத்தி மறுபடி அழுத்தினேன். மறுபடியும் திரும்பியது. ஜன்னல்களில் சத்தம் அடங்கிவிட்டது. வேன் அக்காவின் சிரிப்பும் நின்றுவிட்டது. அவள் இன்னும் கீழே குனிந்தாள். அவளுடைய நிழல் என் கைமேல் விழுந்தது.

எனக்குப் பின்னால், மிக அருகில், 'டக்' என்று கேட்டது.

"மூணு!" என்று குழந்தைகள் கத்தின.

என் கையில் ரெஞ்சு இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது.