மேல்வீட்டுச் சன்னல்

கோட்டைத் தெருவில் நூர் பாஷாவின் பரம்பரை வீடு அறுபத்தேழாம் வருஷத்து ஐப்பசி மழையில் உட்கார்ந்துவிட்டது. மனையைத் துண்டு போட்டால் ஆளுக்கொரு கோழிக்கூடுதான் மிஞ்சும் என்று அண்ணன் தம்பி ஐந்து பேரும் கூடிப் பேசினார்கள். ஒரே மாடிக் கட்டடம், கீழே மூன்று குடும்பம், மேலே இரண்டு, கிணறு பொது. சேலத்தில் ஓர் இன்ஜினியரிடம் பிளான் போட்டுப் பழகிய கடைசித் தம்பி நூர் பாஷாவின் தலையில் வேலை விழுந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் மாடிப்படி ஞாபகம் வரும்; பாதியில் எழுந்து மனையில் போய் நிற்பான். அந்தத் தெருவில் மாடியே கிடையாது. எல்லாம் ஓட்டு வீடு, நடுவில் திறந்த முற்றம்.

மனைவி வஹிதா கேட்டது ஒன்றுதான். மேல்வீடு நமக்கு வரட்டும், தெருப்பக்கம் பெரிய சன்னல் வேண்டும். கல்யாணமாகி வந்த நாள் முதல் திரைக்குப் பின்னாலிருந்து தெருவின் சத்தத்தை மட்டும் கேட்டவள். அவனும் அப்படியே வரைந்தான்.

கீழ்வீட்டுக்கு மேல்தளம் போட்டதும் ஒருநாள் காலையில் மேலே ஏறிப் பார்த்தான். எதிர்வீட்டில் தனியாக மாடு வைத்துப் பிழைக்கும் பெரியம்மாள் முற்றத்தில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். உடம்பு கூசிப்போய் இறங்கினான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கொத்தனார் முனியப்பனிடம் மட்டும் சன்னலை ஆள் உயரத்துக்கு மேலே வைக்கச் சொல்லிவிட்டான்.

குடிபோன அன்று வஹிதா அந்தச் சன்னலுக்குக் கீழே வெகுநேரம் நின்றாள்.

"காத்து வருதுங்க. தெருதான் வரல."

காரணத்தைச் சொன்னான். அவள் மூட்டை பிரிக்கப் போய்விட்டாள். அது அவனைக் குடைந்தது. கடைவீதிக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். கடைசியில் எதிர்வீட்டு வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடி, விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னான்.

பெரியம்மாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"மேல்சுவத்துக்குச் சாரங் கட்டி ஆளுங்க நடமாட ஆரம்பிச்சப்பவே நான் குளிக்கிற எடத்துக்குக் கீத்துத் தட்டி கட்டிட்டேனே பாய். நீங்க பாக்கலீங்களா?"

அவன் தலையை நிமிர்த்தி முற்றத்தைப் பார்த்தான்.

"உங்க வூட்டம்மா மொகத்த நான் இன்னும் பாத்ததே இல்லீங்க," என்றாள் அவள்.

புதுச்சுவரை இடிப்பதாவது என்று பெரியண்ணன் தஸ்தகீர் தடுத்தார். முனியப்பனும் தயங்கினான். நூர் பாஷாவே கடப்பாரையை வாங்கிச் சன்னலுக்குக் கீழே இறக்கினான். மத்தியானத்துக்குள் சுவர் இடுப்பளவுக்கு வந்தது. வஹிதா முதலில் ஓரமாக ஒதுங்கி நின்றாள். பிறகு முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

தவிட்டுத் தொட்டியெல்லாம் தூசி என்று கீழேயிருந்து பெரியம்மாள் சத்தம் போட்டாள்.

"தோ, கழுவ ஆள் அனுப்பறேங்கக்கா," என்றாள் வஹிதா, தெருவுக்கே கேட்கும்படி.

நூர் பாஷா சன்னல் கம்பிக்கும் கதவுக்கும் அளவெடுக்கத் தொடங்கியிருந்தான்.