றவூப் துடைத்த நிலவுகள்

றவூப்பின் ஸ்ரூடியோவில் படம் எடுத்தால் எந்த மணமகளின் முகத்திலும் ஒரு மறு இருக்காது. முப்பது வருடமாகப் பிறர் முகத்துப் பருவையும் படத்தில் விழுந்த தூசியையும் துடைத்தே பெயர் வாங்கிய மனுசன். முன்பு தூரிகையால் செய்தார். இந்த 2005இல் கொம்பியூட்டரில் செய்கிறார். வவுனியாவில் தன்னை வெல்ல ஆளில்லை என்று அவரே சொல்லுவார். மற்றவர்களும் மறுப்பதில்லை.

அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு அப்பால், புளியங்குளத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் அருந்ததி ரீச்சர் ஒருநாள் காலையில் வந்து, கடதாசியில் சுற்றிய ஒரு சீடியை நீட்டினார். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நானா, இதிலை ஒரு படம் கிடக்கு. சுவரிலை ஒட்டுற அளவுக்குப் பெரிசாப் போட்டுத் தாங்கோ. நாளைக்கு ஒன்பது மணிக்கு எங்கடை பள்ளிக்கூடத்திலை கண்காட்சி. சாவடி பூட்ட முதல் நான் திரும்பிப் போகவேணும்."

திறந்து பார்த்தால் ஒரே கறுப்பு. நடுவில் இரண்டு பெரிய வெள்ளைப் புள்ளி, சுற்றிவரச் சின்னப் புள்ளிகள். ஐயோ பாவம், தூசி பிடித்த கண்ணாடியில் வைத்து ஸ்கேன் பண்ணிக் கெடுத்திருக்கிறார்கள் என்று றவூப் இரங்கினார். கண்காட்சி மேசைக்குப் பின்னால் ஒட்டக் கறுப்புத் தாள் வேணுமாக்கும். இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்து ஒரு புள்ளி விடாமல் துடைத்தார். மத்தியானம் ஓடிவந்த ரீச்சர், சுருட்டிக் கட்டிய தாளை விரித்துப் பார்க்க நேரமில்லாமல் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

பின்னேரம் தேத்தண்ணி குடித்தபடி இந்தக் கெட்டித்தனத்தை மனைவி றிஸ்மியாவிடம் அளந்தார். ரீச்சர் சீடியைச் சுற்றிக் கொண்டுவந்த கடதாசி றிஸ்மியாவின் கையில் இருந்தது. அதில் எழுதியிருந்ததை வாசித்தார்.

"இஞ்ச பாருங்க. இது செவ்வாய்க் கிரகத்திலை ஓடித்திரியிற மெஷின் வண்டி எடுத்த படமாம். அந்தத் தரையிலை நிண்டு வானத்தை எடுத்திருக்காம். செவ்வாய்க்கு ரெண்டு நிலவாம். மற்றதெல்லாம் நட்சத்திரமாம்." வாசிப்பதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீங்க எதைத் துடைச்சீங்க?"

றவூப்புக்குப் புரையேறியது.

ரீச்சரிடம் போன் இல்லை. கொம்பியூட்டரில் பழைய படம் அப்படியே இருந்தது; புதிதாக அடிப்பது பெரிய வேலையில்லை. கொண்டுபோவதுதான் வேலை. ஓமந்தைச் சாவடியைத் தாண்டவேண்டும். அந்தப் பக்கத்தை ஆளும் இயக்கம் தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களையெல்லாம் முல்லைத்தீவிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தியதிலிருந்து றவூப் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. சண்டை நின்று பாதை திறந்து மூன்று வருடமாகிறது. சொந்தக்காரர் போய் வந்தார்கள், சிலர் அங்கேயே குடியும் இருந்துவிட்டார்கள். இவர் மட்டும், "போ எண்டு சொன்னவை வா எண்டு கூப்பிட்டவையே?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோபம் இருந்தது. அதைவிடப் பயம் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"ஆரிட்டையாவது குடுத்துவிடுங்க," என்றார் றிஸ்மியா.

"கெடுத்தவன் நான். நான்தான் கொண்டுபோய்க் குடுக்கவேணும்."

விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினார். ஓமந்தையில் இராணுவச் சிப்பாய் தாளை விரித்து, "என்ன இது?" என்றான்.

"நிலவு."

"ரெண்டு?"

"ஓம், ரெண்டு. இது எங்கடை நிலவில்லை." சிப்பாய் சிரித்துச் சுருட்டிக் கொடுத்தான்.

சாவடிக்கு அடுத்த பக்கம், இயக்கத்தின் பதிவு மேசையில் ஒருவன் பெயரைக் கேட்டான். பிறகு சொந்த இடம் கேட்டான். "வவுனியா," என்று நாக்கு முந்திக்கொண்டது. பஸ்ஸில் திரும்ப ஏறியபோது றவூப்புக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பள்ளிக்கூடத்துக்குள் ஓடினார். வெறும் கறுப்புத் தாளை விரித்துப் பிடித்தபடி ரீச்சர் நின்றார். அழுத முகம்.

"ஒரு மாசமா இந்தப் படத்துக்குத்தான் நானா பிள்ளையள் காத்திருந்ததுகள்!"

"பிழை என்ரை, ரீச்சர். தூசியெண்டு நினைச்சு நிலவையெல்லாம் துடைச்சுப் போட்டன். இந்தாங்கோ."

ரீச்சர் திட்டத்தான் வாயைத் திறந்தார், சிரிப்பு வந்துவிட்டது. இருவருமாகப் படத்தை ஒட்டினார்கள். சனம் வந்து குவிந்தது. நிலவைவிட, படம் எடுத்த அந்த வண்டியைப் பற்றித்தான் எல்லாரும் கேட்டார்கள்.

"அது எப்ப ரீச்சர் திரும்பி வரும்?" என்றார் பிள்ளையொன்றின் தாய் பேச்சியம்மா.

"அது வராதம்மா. திரும்பி வாற வழி அதுக்கில்லை."

றவூப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வண்டிக்குத் திரும்ப வழியில்லை. தனக்கு வழி திறந்தும் மூன்று வருடம் வராமல் இருந்ததை நினைத்துக்கொண்டார்.

ரீச்சர் ஒரு மட்டையை எடுத்து எழுதத் தொடங்கினார். 'படம் எடுத்தது: செவ்வாயில் ஓடும் வண்டி. அச்சு: றவூப்.' பேனையை நிறுத்தி நிமிர்ந்தார்.

"எந்த ஊர் எண்டு போட, நானா?"

"முல்லைத்தீவு," என்றார் றவூப். ரீச்சர் அதை எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.