புளி போட்டுத் துலக்கிய கண்ணாடி

சோலைமலையை மண்சரிவு கொண்டுபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவன் பெண்சாதி பேச்சியம்மாவுக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதே மண்ணில் முழங்கால் நசுங்கியதால் அவளால் இனி மலையேறித் தேயிலைக் கொழுந்தெடுக்க முடியாது. தோட்டத்தில் வேலை இல்லாதவர்களுக்கு லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. தோட்டத் துரையின் பங்களாக் குசினியில் சமைக்கும் மாயாண்டிதான் துரையிடம் சொல்லி அவளை அங்கே கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்த்துவிட்டான். துரைக்குப் பிடித்தால் வேலை நிலைக்கும், காம்பராவும் நிலைக்கும்.

பங்களாவின் பின்கொட்டகையில் ஒரு தொலைநோக்கி கிடந்தது. ஆள் தவழ்ந்து நுழையலாம், அத்தனை பெரிய இரும்புக் குழாய். காட்டை வெட்டிக் காப்பித் தோட்டம் போட்ட அந்தக் காலத்துத் துரை செய்தது.

"நாளைக்கு இதப் பாக்கக் கொழும்புலேருந்து பெரிய மனுசரு வாறாராம்," என்றான் மாயாண்டி. "அடியில இருக்க கண்ணாடியத் தொடைக்கச் சொன்னாரு தொரை. தொடைச்சா மட்டும் போதுமா? கோயில் வெளக்காட்டம் பளபளன்னு வச்சிரு பேச்சி. ஒனக்குத்தான் நல்ல பேரு."

கண்ணாடி என்று பெயரே தவிர, செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்த வட்டத் தகடு அது. அரிசி புடைக்கும் சுளகைவிடப் பெரிது, பழுப்பேறிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்குச் செய்வதைத்தான் அவள் அதற்கும் செய்தாள். புளியைக் கரைத்துப் பூசினாள். அடுப்புச் சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டு அழுத்தித் தேய்த்தாள். மத்தியானத்துக்குள் பழுப்பு போய் ஒரு முகம் தெரிந்தது. பொட்டில்லாத முகம். யாரையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தாள்.

"அடேங்கப்பா! கோயில் கலசம் தோத்துச்சு போ," என்றான் மாயாண்டி.

துரை வந்தார். குனிந்து பார்த்தார். தகடெங்கும் மயிரிழைக் கீறல்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யார் செஞ்சது இது?"

மாயாண்டி ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"நாந்தாங்க தொரை," என்றாள் பேச்சியம்மா.

"நான் துணி போட்டு தூசி மட்டும் எடுக்க சொன்னது! அந்தப் பழைய தொரை வருசக்கணக்கா கையில தேச்சு செஞ்சது இது. இதுலதான் அவர் வானத்துல ஒரு புது வெள்ளி, ஒரு நட்சத்திரம் கண்டுபிடிச்சது. அதுக்கு முந்தி ஒரு ஆளுக்கும் அது தெரியாது. இனிமே இதுல பாத்தா எல்லா வெள்ளியும் கொட்டின மாவு மாதிரிதான் இருக்கும்."

"அந்த வெள்ளி இப்பவும் அங்கதான் இருக்குங்களா தொரை?"

துரை அவளை நிமிர்ந்து பார்த்தார். "இருக்கு."

"சரிங்க."

"நாளைக்கு நீ வர வேணாம்."

"சரிங்க."

பீலியில் விழும் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு இறங்கினாள். மாயாண்டி பின்னால் ஓடி வந்தான்.

"நாந்தான் தொலக்கச் சொன்னேன்னு ஏன் பேச்சி சொல்லல?"

"சொன்னா ஒங்க காம்பராவும் போகும். என்னோடது எப்படியும் போச்சுல்ல."

"இப்ப எங்க போவ?"

"றொசல்லத் தோட்டத்துல நாத்தனா இருக்காங்க. போயி வாசல்ல நிக்க வேண்டியதுதான்."

"வச்சிக்குவாங்களா?"

"தெரியலண்ணே." அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். "குசினியில என்னமோ தீயுது. போயிப் பாருங்க."

அவன் திரும்பி ஓடினான். அவள் நொண்டிக்கொண்டே லயத்துப் பக்கம் இறங்கினாள்.