இருநூறு படிவங்களும் ஒரே ஒரு நாத்திகரும்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. நிரஞ்சலா என்ற ஆராய்ச்சி மாணவி, கண்டி மஹய்யாவையில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். இன்றைய சமூகத்தில் மதத்தின் இடம் என்ன என்று பல்கலைக்கழகத்துக்காக ஆய்வு செய்கிறாளாம். கையில் பதினொரு பக்கப் படிவம். கடந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை கோயிலுக்குப் போனீர்கள் என்று கேட்டாள். "நாலு" என்றேன். ஒரு தடவைகூடப் போகவில்லை. போகாததில் எனக்கு வெட்கமில்லை. போகவில்லை என்று ஒருவர் பேனாவால் எழுதிக்கொள்வதில்தான் வெட்கம்.

சில மாதங்கள் கழித்து அந்த நாலைச் சரிபார்க்க மறுபடி வந்துவிட்டாள். பேச்சை மாற்றுவதற்காக, "ஆய்வு எப்படிப் போகுது?" என்று கேட்டேன். கதிரையில் உட்கார்ந்தவள் இரண்டு மணி நேரம் பேசினாள். கதை கிடைத்தது, நானும் தப்பித்தேன்.

2.

இரண்டு தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'கண்டி மலைகளைப் பனி போர்த்தியிருந்த ஒரு காலையில் நிரஞ்சலா—'

வேண்டாம். மஹய்யாவையில் காலையில் தெரிவது பஸ் புகை.

'மதம் என்பது யாதெனில்—'

இது ஒன்பது பக்கம் ஓடியது. ஒரு மனிதர்கூட உள்ளே வரவில்லை.

ஆகவே நேராகவே சொல்கிறேன். இருநூறு வீடுகளில் நிரஞ்சலா படிவம் நிரப்பினாள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஏதோ ஒரு மதம் இருந்தது. ஒரே ஒருவர் 'எந்த மதமும் இல்லை' என்ற கட்டத்தில் அடையாளம் போட்டிருந்தார். பெயர் அம்பிகைபாகன்*. யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து, அரசாங்கக் காணிக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, கண்டியிலேயே தங்கிவிட்டவர்.

(*இந்தப் பெயரோடு நாத்திகரா என்று கேட்பீர்கள். ஊரே கேட்டிருக்கிறது. "பேர் அப்பா வைச்சது, அதுக்கு நான் பொறுப்பில்லை" என்பாராம்.)

மதம் இல்லாதவர்களைப் பற்றிய நிரஞ்சலாவின் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க இவரை நம்பித்தான் இருந்தது. ஆள் ஒருவர் போதும், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாதவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். மூன்று வருட உழைப்பில் அவளுக்குப் பிடித்த அத்தியாயம் அது ஒன்றுதான்.

3.

அப்போதுதான் அம்பிகைபாகனுக்கு இதயத்தில் அடைப்பு என்று கண்டுபிடித்தார்கள். கண்டி ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. விஷயம் கேள்விப்பட்டு நிரஞ்சலா அவரை வீட்டில் பார்க்கப் போனாள். அவருடைய வலது மணிக்கட்டில் மூன்று நூல்கள். மஞ்சள் நூல் அவருடைய மனைவி பத்மாதேவி பிள்ளையார் கோயிலில் வாங்கியது. பச்சை நூல் பக்கத்து வீட்டு ரபீகா ஸியாரத்தில், அதாவது தர்காவில், ஓதிக் கொண்டுவந்தது. வெள்ளை நூல் கீழ்வீட்டுச் சிங்கள அம்மா பன்சலையில் பிக்குமார் ஓதிக் கொடுத்த பிரித் நூல்.

"என்ன அங்கிள் இது?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நூல், பிள்ளை."

"தெரியுது. நீங்கள் ஏன் கட்டினனீங்கள்?"

"நான் எங்க கட்டினனான்? முதலாவது, நான் நித்திரையா இருக்கேக்க பத்மா கட்டினது. மற்ற ரெண்டுக்கும் கையை மட்டும் நீட்டினனான்."

கஞ்சிக் கோப்பையோடு நின்ற ரபீகா குறுக்கிட்டாள். "சேர் நம்பத் தேவல்ல மகள். நாங்க நம்புறோம். சேர்ட கைதான் வேணும்."

"நம்பிக்கை இல்லாட்டி அறுத்து எறியலாம்தானே, அங்கிள்?"

"அறுத்தா பத்மா நித்திரை கொள்ளமாட்டா. இந்த ரபீகாப் பிள்ளை நாளைக்கு வந்து கையைப் பாக்கும். உங்கட படிவத்தில அதுக்கு ஒரு கட்டம் இருக்குதோ?"

இல்லை. பதினொரு பக்கத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

4.

இந்த இடத்தில் என் பாத்திரத்தை நானே சந்தேகித்தேன். மனிதர் பயந்துபோய், மனைவியைச் சாட்டித் தப்பிக்கிறாரோ? நல்லவேளை, நிரஞ்சலாவுக்கும் அதே சந்தேகம் வந்திருக்கிறது. ரபீகா போனபிறகு கேட்டாள்.

"உண்மையாச் சொல்லுங்கோ. பயமோ?"

"ஓம், பயம்தான். சாகப் பயம். அதுக்காகக் கடவுள் இருக்கிறார் எண்டு நான் சொல்லேல்லை. ரெண்டையும் ஒண்டாப் போட்டு எண்ணிப்போடாதேங்கோ."

இந்த வசனத்தை நான் எழுதியிருக்க வேண்டும். பொறாமையாக இருக்கிறது.

[மதச்சார்பின்மை பற்றி இங்கே ஒன்றரைப் பக்கம் இருந்தது. வெட்டிவிட்டேன். யாரும் அழ வேண்டாம்.]

5.

ஒப்பரேஷன் நாள் காலை. பத்மாதேவி ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் இருந்த நீள வாங்கில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே வாட்டில் நிரஞ்சலா பக்கத்தில் நிற்க, தாதி மிஸ்ஸி கத்தரிக்கோலோடு வந்து, கையில் எதுவும் இருக்கக் கூடாது என்று சிங்களத்தில் சொன்னார். அம்பிகைபாகன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். கோயில் படி மிதிக்காத மனிதர் மூன்று நூலுக்காக மல்லுக்கட்டுவதை வாட்டே வேடிக்கை பார்த்தது. நிரஞ்சலா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். என்ன எழுதுவதென்று தெரியாமல் மூடிவிட்டாள்.

கடைசியில் அவர் கையை நீட்டினார். "வெட்டட்டும். ஆனா பத்மாவுக்குத் தெரியக் கூடாது, பிள்ளை. தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

மிஸ்ஸி இதுபோல எத்தனையோ கைகளைப் பார்த்தவர். நூல்களை வெட்டி, குப்பையில் போடாமல், நிரஞ்சலாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

வாசலில் பத்மாதேவி கேட்ட முதல் கேள்வி: "நூல் அவற்ற கையில இருக்குதோ, பிள்ளை?"

"ஓம் அன்ரி. இருக்குது." பொத்திய கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். தரவு சேகரிக்க வந்தவள் பொய்த் தரவு கொடுத்தது அதுதான் முதல் தடவையாம்.

"அப்ப நீங்களும் ஒருக்காக் கும்பிடுங்கோவன்."

ஆய்வாளர் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம்.

"ஆரை, அன்ரி?"

"ஆரையெண்டாலும்."

6.

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முடிவு அ: அவர் கண்விழித்து, "நூல்தான் காப்பாத்தினது எண்டு எழுதிப்போடாதேங்கோ" என்கிறார். எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே அதில் எனக்குச் சந்தேகம்.

முடிவு ஆ: பத்மாதேவி அந்த வாங்கிலிருந்து—

இல்லை. இதை என்னால் எழுத முடியவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஆகவே நடந்த இடத்திலேயே நிறுத்துகிறேன். நிரஞ்சலா கண்ணை மூடினாளா என்று கேட்டேன். அவள் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நாலு மணித்தியாலம் கழித்துத் தியேட்டர் கதவு திறக்கிறது. டொக்டர் முகக்கவசத்தை இறக்குகிறார். இரண்டு பெண்களும் எழுந்து நிற்கிறார்கள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஆனால் வாசகரே, அந்தக் கதவு திறந்தபோது, மனிதர் பிழைத்திருக்க வேண்டுமே என்று உங்கள் மனதுக்குள் ஒரு வார்த்தை ஓடியது அல்லவா? நிரஞ்சலா உங்களிடம் கேட்கச் சொன்னாள்: அதை யாரிடம் சொன்னீர்கள்?