வெள்ளிப் பூச்சு

தீபாவளி முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி பஸ்ஸில் ஏறிய முனியராஜ் மேல் வீசிய சந்தன சோப்பு வாசனையில் முன் இருக்கைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் இரண்டு தடவை குளித்திருந்தான். முதல் தடவை தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவைத்துச் சீயக்காய். அடுத்த தடவை சோப்பு. காது மடலின் பின்புறம், நக இடுக்கு, புருவத்து மயிர் என்று ஒன்றையும் விடாமல் தேங்காய் நாரால் தேய்த்ததில் முகம் சிவந்திருந்தது. ஏதோ பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி இருந்தது. அவன் போனது என்னவோ பெண்டாட்டி மாரிசெல்வியோடும் இரண்டு வயது மகள் சினேகாவோடும், மதுரையைத் தாண்டி இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு.

வெம்பக்கோட்டைக்கும் தாயில்பட்டிக்கும் நடுவில் உள்ள ஒரு பட்டாசு ஆலையில் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து செலுத்துகிற வேலை அவனுக்கு. பூச்சட்டி வெள்ளையாகப் பூப்பது அலுமினியத் தூளால். அந்தத் தூள் ஊரான் வீட்டு வாசலில் பூப்பதற்கு முன்னால் முனியராஜ் மேல் பூத்துவிடும். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது வெள்ளி அங்கி சாத்திய சாமி மாதிரி உச்சி முதல் பாதம் வரை மினுங்குவான். அதைப் பார்த்ததும் சினேகா, "அப்பா" என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடிவருவாள். அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போவான்.

"தொடாத தாயி" என்பான்.

அது மாரிசெல்வி போட்ட சட்டம். அந்தத் தூள் பிள்ளை மூக்குக்குள் போகக் கூடாது, குளித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். சட்டத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பூச்சு போக ஒரு மணி நேரம் ஆகும். அவன் தேய்த்துக் கரைத்துவிட்டு வெளியே வருவதற்குள் பிள்ளை சாப்பிட்டுச் சொக்கிப்போயிருக்கும். முழித்திருக்கிற நாளிலும், குளித்துவிட்டு வந்த கறுத்த மனுசனை மீட்டர் பார்க்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அம்மா சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். சீசனில் ஞாயிறும் கிடையாது. ஆறு மாதமாக, தொடக் கூடாத அப்பாவை மகளுக்குப் பிடித்திருந்தது, தொடக்கூடிய அப்பாவைப் பிடிக்கவில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் லீவு விட்டார்கள். வாரம் முழுக்க முனியராஜ் துடைத்த முகத்தோடு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். மிட்டாய் கொடுத்தான், குரங்கு மாதிரி குதித்துக் காட்டினான். மிட்டாயை வாங்கிக்கொண்டாள். சாயங்காலமானதும் வாசலில் போய் நின்று, வேன் வரும் திசையைப் பார்த்து, "அப்பா வல்ல" என்று உதட்டைப் பிதுக்கினாள். அப்பா அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை ஆலை திறந்துவிடும். மிச்சமிருந்தது இந்த ஒரு ஞாயிறுதான். முதலாளி செலவில் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றதும் முனியராஜ் ஒரு கணக்குப் போட்டான். உயரத்தில் தூக்கிச் சுழற்றுகிற ராட்டினத்தில் பிள்ளை பயப்படும். பயந்தால் பக்கத்தில் இருப்பவனைக் கட்டிப்பிடித்துத்தானே ஆகவேண்டும். பெற்ற பிள்ளையைப் பயமுறுத்திப் பாசத்தை வாங்கத் திட்டம் போட்டவன் நம் ஊரில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

பூங்கா வாசலில் ஒரு காவலாளி நின்றார். யாரும் வெளிச்சாப்பாடு கொண்டுபோகாமல் பையைப் பார்ப்பது அவர் வேலை. காக்கிச் சட்டையைக் கண்டதும் போர்மேன் நாகையா தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் நாற்பது பேரும் கழற்றிச் சுவரோரம் அடுக்கினார்கள். ஆண்கள் மடியிலிருந்து பீடியையும் தீப்பெட்டியையும் எடுத்துக் காவலாளியின் மேசையில் வைத்துவிட்டு, தடவிப் பார்க்கத் தோதாகக் கையை அகல விரித்து நின்றார்கள். பெண்கள் கொண்டை ஊசியை உருவினார்கள். ஆலை வாசலில் தினமும் நடப்பது இதுதான். வாசல் தூணில் யாரோ திறந்துவைத்ததாகச் சொல்லும் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. ஆலையில் மருந்து அறைக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கினால்தான் மருந்து தீப்பிடிக்காது. அந்தப் பழக்கத்தில் ஒவ்வொருத்தரும் பித்தளைத் தகட்டில் உள்ளங்கையை அழுத்திவிட்டு உள்ளே போனார்கள். இவ்வளவு பயபக்தியான கூட்டத்தைப் பார்த்திராத காவலாளி, பையைத் திறந்துபார்க்கக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிட்டார். புளியோதரை மொத்தமும் உள்ளே போயிற்று. தளக்கல் காலைச் சுட்ட பிறகுதான் இது ஆலை இல்லை என்று நாகையாவுக்கு உறைத்தது. எல்லாரும் திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

முனியராஜின் திட்டம் ஓர் ஒட்டகச்சிவிங்கியிடம் தோற்றது. ராட்டினத்துக்கு ராட்டினம் ஒரு மரப்பலகை ஒட்டகச்சிவிங்கி நின்றது. அதன் வயிறு வரை வளர்ந்த பிள்ளைகளைத்தான் ஏற்றுவார்கள். சினேகா முழங்காலுக்குத்தான் வந்தாள். சின்ன ரயில் ஒன்றில் மட்டும் ஏற்றினார்கள், அதிலும் குழந்தையோடு அம்மா மட்டும். முனியராஜ் கம்பி வேலிக்கு வெளியே நின்று, ரயில் வந்த ஐந்து தடவையும் கையை ஆட்டினான். ஐந்தாவது தடவை பக்கத்துப் பெட்டியில் இருந்த யாரோ ஒரு பையன் பரிதாபப்பட்டு டாட்டா காட்டினான். இறங்கியதும் சினேகா நேரே குடிதண்ணீர்க் குழாய்க்குப் போய் அதைத் திறந்து மூடி விளையாட ஆரம்பித்தாள். இதற்கு வெம்பக்கோட்டையிலேயே இருந்திருக்கலாம் என்று மாரிசெல்வி சொன்னாள். முனியராஜ் பிள்ளையைத் தூக்கப் போனான், அவள் வீறிட்டு அம்மா இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

மத்தியானம், வளைவு ஒன்றின் கீழே கூட்டம் கூடியிருந்தது. நடுவில் ஒரு மேடை மேல், ராஜா வேசத்தில், முகம் கை கால் எல்லாம் வெள்ளிப் பூச்சு பூசிய ஓர் ஆள் சிலை மாதிரி அசையாமல் நின்றான். சனங்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாரிசெல்வி இடுப்பிலிருந்து சினேகா எட்டிப் பார்த்தாள். துள்ளிக் கீழே இறங்கினாள். யாரும் பிடிப்பதற்குள் ஓடிப்போய்ச் சிலையின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா வந்தாச்சி" என்றாள்.

நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாரிசெல்வியும் சிரித்தாள், புருசன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். முனியராஜ் குந்தி உட்கார்ந்து, நான் இங்கன இருக்கேன் தாயி என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெள்ளிக்காலை இன்னும் இறுக்கிக்கொண்டாள். ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் அதை மறைக்கவில்லை.

சிலை உதடு அசையாமல் பேசியது. "அண்ணாச்சி, பிள்ளையத் தூக்கிக்கிடுங்க. நான் அசைஞ்சா சூப்பர்வைசர் வைவாரு."

ஊர்ப் பேச்சைக் கேட்டதும் முனியராஜ் நிமிர்ந்தான். எந்த ஊர் என்று கேட்டதற்கு, தாயில்பட்டிதான், பேர் காசிராஜன் என்று சிலை சொன்னது. இரண்டு வருசம் மருந்து அறையில் இருந்தானாம். தூள் ஒத்துக்கொள்ளவில்லை, இனி வேண்டாம் என்று அவன் அம்மா அழுது அனுப்பிவைத்த இடத்தில்தான் இந்த வேலை கிடைத்ததாம். பூசிக்கொண்டு அசையாமல் நிற்கத் தெரியுமா என்று கேட்டார்களாம். மருந்து அறையில் இருந்தவனுக்கு அதுதானே தெரியும் என்று சேர்ந்துகொண்டான்.

"தம்பி, அந்தப் பூச்சு கொஞ்சம் கெடைக்குமா?" என்றான் முனியராஜ்.

மேடைக்குப் பின்னால் டப்பா இருப்பதாகவும், இது கூத்துக்குப் பூசுகிற மை, பிள்ளைகளை ஒன்றும் செய்யாது என்றும் காசிராஜன் சொன்னான். முனியராஜ் மாரிசெல்வியைப் பார்த்தான். சட்டம் அவளுடையது. அவள் போய் டப்பாவை எடுத்துவந்தாள்.

"குனிங்க" என்றாள்.

காலையில் அவன் தேங்காய் நாரால் தேய்த்த நெற்றி, கன்னம், புருவம், காது மடலின் பின்புறம் என்று ஒன்றையும் விடாமல் அவளே பூசினாள்.

அவன் மறுபடி குந்தி உட்கார்ந்தான். சினேகா மேடையில் நிற்பவனைப் பார்த்தாள், கீழே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தாள். மெல்லக் காலை விட்டாள். நாலெட்டு ஓடிவந்தவள், ஒரு முழம் இருக்கும்போது தானாக நின்றுவிட்டாள். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டாள்.

"தொதாத தாயி" என்றாள் அவனிடம்.

இதுவரை சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை.

"தொடு தாயி" என்றான் முனியராஜ். சொல்வதற்குள் குரல் உடைந்துபோயிற்று.

அவள் ஒற்றை விரலால் அவன் கன்னத்தைத் தொட்டாள். விரலில் ஒட்டிய வெள்ளியை உற்றுப் பார்த்தாள். அப்புறம் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டவள் இறங்கவே இல்லை. அவனையும் ஒரு சிலை என்று நினைத்து மதுரைக்காரக் குடும்பம் ஒன்று பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. "ஏலே முனியராசு, லீவு விட்டாலும் ஒன்னய வேலை விடமாட்டேங்குதேடா" என்று நாகையா கேலி பேசினார். முனியராஜ் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

சாயங்காலம் பஸ் விருதுநகரைத் தாண்டியது. கழுவாத முகத்தோடு அவன் உட்கார்ந்திருந்தான். தோளில் சினேகா தூங்கினாள், அவள் விரல் அவன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாரிசெல்வி சன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.

"நாளைக்கு வேன விட்டு எறங்குவீக. தொடலாம்னு நெனச்சு ஓடியாருவா. என்ன சொல்லுவீக?"

முனியராஜ் வாயைத் திறந்தால் கன்னம் அசையும், அதில் ஒட்டியிருக்கும் விரல் விலகிவிடும். ஊர் வருகிறவரை காசிராஜனைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தான்.