கேட்டை நட்சத்திரம்

“அர்ச்சனையில பத்மாவோட பேரையும் சொல்லணும். எங்க பேரோட சேத்து.”

அத்தை முன்னால் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன். வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது.

கமலம் அத்தை, எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்த பிறகு கண்டியை விட்டுக் கனடா போனவள். இப்போது போர் நின்றிருப்பதால் மஹய்யாவவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். போகும்போது வெள்ளிக்கிழமையும் கருவாடு தின்றவள், இன்று வெங்காயம்கூடத் தொடுவதில்லை. அங்கே போய் இவ்வளவு பக்தி பிடித்தவள் என்னை என்ன சொல்வாள்? பொம்பளைப் பிள்ளைக்குப் படித்த திமிர் என்பாள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். சண்டைக்குத் தயாராகவே நின்றேன்.

பத்மாதேவி புசல்லாவைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கிறவள். அவளோடுதான் வாழப்போகிறேன் என்று அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

“ஐயர் ‘சககுடும்பானாம்’னு சொல்லுவாருல்ல,” என்றாள் அம்மா அவசரமாக. “குடும்பத்தோடன்னு அர்த்தம். அதுல அவளும் அடங்கிருவா. பேரு எதுக்கு?”

“அடங்க வேணாம். பேரு சொல்லணும். கூட்டாளின்னு இல்ல, என் வீட்டுக்காரின்னு.”

அத்தை வெற்றிலையைத் தட்டில் வைத்தாள்.

“டொரண்டோ கோயில்லயும் ரெண்டு பொம்பளைங்க ஜோடியா ஒரே தட்டோட வருவாங்க. மொதல்ல அவங்க நின்ன வரிசையிலயே நான் நிக்கல. பொறவு பனியில வழுக்கி, கால் ஒடஞ்சு கெடந்தேன். கோயில்ல அத்தன சனம் இருந்தும் சோறு கொண்டாந்தது அவங்கதான். வெங்காயம் போடாம.”

“அப்ப சரிங்கிறீங்களா?”

“சரின்னு மனசு இன்னும் சொல்லல. தப்புன்னு சொல்ல வாய் வரல.” அடுத்த வெற்றிலையை எடுத்தாள். “அந்தப் புள்ளைக்கு என்ன நட்சத்திரம்?”

“கேட்டை.”

“கேட்டையா. மூத்த மச்சானுக்கு ஆகாதும்பாங்க. நல்லவேளை, ஒனக்கு அண்ணன் இல்ல.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வரும் மருமகளுக்குப் பார்க்கிற பொருத்தத்தை அத்தை பத்மாவுக்குப் பார்த்துவிட்டாள். சேர்த்துவைத்த கோபத்தை எங்கே கொட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் இலேசாக வந்தது.

என்ன பதில் வந்தாலும் பத்மாவிடம் போவதென்று நேற்றே பெட்டி கட்டியிருந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்தேன்.

“கோயிலுக்கு வரலையாடி?”

“பஸ் போயிரும் அத்தை. அவ காத்துக்கிட்டிருக்கா. நீங்களே பேர சொல்லிருங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.